உலகத்துக்கு ஒரு மனு போட்டா, யார் பதில் சொல்லணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். வாசிக்க வசதியாகச் சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

போன வாரம் என் மெயில் இன்பாக்ஸைச் சுத்தம் பண்ணிட்டிருந்தேன். "உங்கள் கையெழுத்துக்கு நன்றி"ங்கிற மாதிரி தலைப்பு இருக்கிற மெயில்களை மட்டும் தேடிப் பார்த்தேன். 23 இருந்தது. காலேஜ் நாள்லேர்ந்து நான் கையெழுத்து போட்ட ஆன்லைன் மனுக்கள். அமேசான் காட்டுத் தீ, கடல்ல பிளாஸ்டிக், கொரோனா தடுப்பூசி, எங்கேயோ சிறையில இருந்த ஒரு பத்திரிகையாளர். இப்படி உலகத்துல எது நடந்தாலும் ராத்திரி படுக்கையில இருந்தபடியே ஒரு கையெழுத்து.

இந்த 23-ல ஒண்ணுக்குக்கூட, "உங்க மனு இன்னாருக்குப் போச்சு, அவர் இப்படிப் பதில் சொன்னார்"னு ஒரு வரி வரல. நன்றி வந்தது. அப்புறம் நன்கொடை கேட்டு மெயில் வந்தது. பதில் மட்டும் வரல.

இதையே நம்ம ஊர்க் கணக்குல யோசிச்சுப் பாருங்க. தெருவுல குப்பை அள்ளலைன்னா மாநகராட்சிக்குப் புகார் கொடுக்கிறோம். வேலை நடக்குதோ இல்லையோ, ஒரு புகார் எண் வந்துடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு கேள்வி கேட்டா, பொதுவா 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும்னு 2005-லயே சட்டம் இருக்கு. பதில் மழுப்பலா வரலாம், தாமதமா வரலாம். ஆனா பதில் சொல்ல வேண்டியவர் யாருன்னு நமக்குத் தெரியும். மேல்முறையீடு எங்க பண்ணணும்னும் தெரியும்.

உலக விஷயத்துக்கு அந்த ஆள் யாரு? இதான் இன்னைக்கு எபிசோட். சாதாரண மக்களோட குரல் உலக நிர்வாகம் வரைக்கும் போகணும்னு கேட்கிற ஒரு இயக்கம் இருக்கு. ஒரே கொடி, ஒரே தலைவர்னு இல்லாம, பல குழுக்கள் பல வழியில முயற்சி பண்றாங்க. அதுல மூணு வழியை நாம இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ஜெனீவாவுல ஒரு ரூம்

"உலக நிர்வாகமா? அது நமக்கு எதுக்கு?"ன்னு கேட்கிறவங்களுக்காக முதல்ல ஒரு சம்பவம்.

2021 ஏப்ரல், மே மாசம் ஞாபகம் இருக்கா? நம்ம வாட்ஸ்அப் குழு எல்லாத்துலயும் ஆக்சிஜன் சிலிண்டர், ஐசியூ பெட், ரெம்டெசிவிர்னு ஒரே தேடல். தடுப்பூசிக்கு ஸ்லாட் கிடைக்க ஆப்ல மணிக்கணக்கா ரெஃப்ரெஷ் பண்ணிட்டிருந்தோம்.

அதே நேரம் ஜெனீவாவுல, உலக வர்த்தக நிறுவனத்துல ஒரு விவாதம் ஓடிக்கிட்டிருந்தது. கொரோனா தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி இதுக்கெல்லாம் காப்புரிமை விதிகளைத் தற்காலிகமா நிறுத்தி வைங்கன்னு இந்தியாவும் தென் ஆப்பிரிக்காவும் 2020 அக்டோபர்லயே கேட்டிருந்தாங்க. நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரிச்சது. பெரிய மருந்து கம்பெனிகள் இருக்கிற சில பணக்கார நாடுகள் ஒத்துக்கல. அங்க எல்லாமே ஒருமித்த முடிவா இருக்கணும். ஒருத்தர் தலையை ஆட்டலைன்னாலும் நகராது. கடைசியில முடிவு எப்ப வந்தது தெரியுமா? 2022 ஜூன்ல. ஒண்ணேமுக்கால் வருஷம் ஆகிப் போச்சு. அதுவும் தடுப்பூசிக்கு மட்டும், சில நிபந்தனைகளோட. மருந்தும் பரிசோதனையும் "பிறகு பார்க்கலாம்"னு தள்ளிப் போச்சு.

ஒண்ணு கவனிங்க. இதுல நம்ம அரசு கேட்கிற பக்கத்துல நின்னது. அப்பவே இந்த நிலைமை. நம்ம அரசும் நாமளும் வேற வேற பக்கம் நின்னா என்ன ஆகும்? உலகம் முழுக்க உறவுக்காரங்களைப் பறிகொடுத்தவங்க எத்தனை பேர்! அவங்கள்ல ஒருத்தர்கூட அந்த ரூமுக்குள்ள எழுந்து நின்னு "ஏன் இவ்ளோ தாமதம்?"னு கேட்க வழி இல்ல. கேட்டாலும் பதில் சொல்லணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல.

"மக்களாகிய நாங்கள்", ஆனா உள்ளே யாரு?

ஐ.நா. சாசனம் 1945 ஜூன் 26-ல சான் பிரான்சிஸ்கோவுல கையெழுத்தாச்சு. அது எப்படி ஆரம்பிக்குதுன்னா, ஐக்கிய நாடுகளின் மக்களாகிய நாங்கள்னு. நாடுகள்னோ அரசுகள்னோ ஆரம்பிக்கல, மக்கள்னுதான் ஆரம்பிக்குது.

ஆனா அந்த முதல் பக்கத்தைத் தாண்டி உள்ளே போனா, அங்க இருக்கிறது எல்லாம் அரசுகள்தான். பொதுச்சபையில 193 உறுப்பு நாடுகள், ஆளுக்கு ஒரு ஓட்டு. 140 கோடிப் பேர் இருக்கிற இந்தியாவுக்கும் ஒண்ணு, பத்தாயிரம் சொச்சம் பேர் இருக்கிற துவாலு தீவுக்கும் ஒண்ணு. பாதுகாப்பு கவுன்சில்ல அஞ்சு நாடுகளுக்கு வீட்டோ. சாசனத்தோட 71-வது பிரிவுல, பொருளாதார சமூகக் கவுன்சில் அரசு சாராத அமைப்புகளோட கலந்து பேசலாம்னு ஒரு வழி இருக்கு. அதுல பதிவு பண்ணின ஆயிரக்கணக்கான என்ஜிஓக்கள் இருக்காங்க. ஆனா நீங்களோ நானோ தனி மனுஷனா போக ஒரு வாசல் கிடையாது.

அப்போ என் குரல் எப்படிப் போகுது? நான் எம்பிக்கு ஓட்டுப் போடுறேன். எம்பிக்கள் சேர்ந்து அரசு அமைக்கிறாங்க. அரசு ஒரு வெளியுறவு அமைச்சரை வைக்குது. அமைச்சகம் ஒரு தூதரை நியமிக்குது. அந்தத் தூதர் நியூயார்க்ல கையைத் தூக்குறார். நடுவுல நாலு கை மாறிடுது. எங்க வார்டு குப்பையும், ரயில் டிக்கெட்டும், காலநிலைக் கொள்கையும் ஒரே ஓட்டுல கட்டி அனுப்பிட்டு, "உன் குரல் போய்ச் சேர்ந்துடுச்சு"ன்னு சொன்னா எப்படி?

இதுக்கு ஒரு பழைய யோசனை, ஐ.நா.வுக்குன்னு ஒரு நாடாளுமன்ற அவை. 2007-ல இருந்து இதுக்காக ஒரு பிரச்சாரம் நடக்குது. முன்னாள் பொதுச்செயலாளர் பூட்ரஸ் பூட்ரஸ் காலியே இதை ஆதரிச்சார். "நடக்கிற காரியமா?"ன்னு கேட்டா, அவங்க ஐரோப்பிய நாடாளுமன்றத்தைக் காட்டுறாங்க. அது 1952-ல அதிகாரம் பெருசா இல்லாத, நாடுகளோட எம்பிக்கள்லேர்ந்து அனுப்பின ஒரு அவையாத்தான் ஆரம்பிச்சது. மக்கள் நேரடியா ஓட்டுப் போட 1979 வரைக்கும் ஆச்சு. உலக அளவுல அந்த முதல் படிகூட இன்னும் வரல. அதனால இதை இங்கேயே விட்டுட்டு, கொஞ்சமாவது நடந்து காட்டின மூணு வழிக்கு வரேன்.

முதல் வழி: கையெழுத்து

ஐரோப்பிய ஒன்றியத்துல 2012 ஏப்ரல்லேர்ந்து ஒரு விதி இருக்கு. குறைஞ்சது ஏழு உறுப்பு நாடுகள்ல இருந்து 10 லட்சம் பேர் கையெழுத்து போட்டா, ஐரோப்பிய ஆணையம் அந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்கணும். 'ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி'ன்னு பேர்.

"நானும்தான் 23 போட்டேன், என்ன வித்தியாசம்?"னு கேட்கலாம். வித்தியாசம் கையெழுத்து போட்டதுக்கு அப்புறம்தான் தெரியும். மனு கொடுத்தவங்களை ஆணையம் கூப்பிட்டுப் பேசணும். ஐரோப்பிய நாடாளுமன்றத்துல பொது விசாரணை நடக்கணும். அதுக்கப்புறம் ஆணையம் எழுத்துல பதில் கொடுக்கணும். செய்யப் போறோம்னாலும் சரி, செய்ய மாட்டோம்னாலும் சரி, காரணம் சொல்லியே ஆகணும்.

இதுல முதல்ல ஜெயிச்ச மனு எது தெரியுமா? தண்ணி. குடிநீரும் சுகாதாரமும் மனித உரிமை, அதைத் தனியார் சந்தைக்குத் தூக்கிக் கொடுக்காதீங்கன்னு பொதுத்துறைத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து ஆரம்பிச்சது. 16 லட்சத்துக்கும் மேல செல்லுபடியான கையெழுத்து. 2013 டிசம்பர்ல ஒப்படைச்சாங்க.

2014 மார்ச்ல பதில் வந்தது. பிரச்சாரக்காரங்களுக்கு அது ஏமாற்றம். தண்ணீரை மனித உரிமையா அறிவிக்கிற ஒரு புதுச் சட்டம் வரும்னு எதிர்பார்த்தாங்க, அது வரல. ஆனா கதை அதோட முடியல. கையெழுத்து வாங்கிட்டிருந்தப்பவே, 2013-லயே, அரசு ஒப்பந்தங்களைத் தனியாருக்குத் திறக்கிற ஒரு சட்டத்துலேர்ந்து தண்ணீரை விலக்கி வெச்சாங்க. பிறகு குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தற வேலை ஆரம்பிச்சு, 2020 டிசம்பர்ல அது நிறைவேறுச்சு. வீடில்லாதவங்க, விளிம்புல இருக்கிறவங்க, இவங்களுக்கும் குடிநீர் கிடைக்க நாடுகள் ஏற்பாடு பண்ணணும்னு அதுல வந்தது. ஏழு வருஷம். முழு வெற்றின்னு சொல்ல முடியாது, பாதி வெற்றி. ஆனா ஒவ்வொரு கட்டத்துலயும் "நீங்க எழுத்துல இப்படிச் சொன்னீங்களே?"ன்னு பிடிச்சுக் கேட்க ஒரு காகிதம் கையில இருந்தது.

இதையே ஐ.நா.வுக்கும் கொண்டு வரணும்னு 2019 நவம்பர்ல ஒரு பிரச்சாரம் ஆரம்பமாச்சு. 'ஐ.நா. உலகக் குடிமக்கள் முன்முயற்சி'. உலகம் முழுக்க குறிப்பிட்ட எண்ணிக்கையில மக்கள் ஆதரிச்சா, அந்தக் கோரிக்கையைப் பொதுச்சபையோ பாதுகாப்பு கவுன்சிலோ தன்னோட நிகழ்ச்சி நிரல்ல சேர்த்தாகணும். கவனிங்க, நிறைவேத்தியே ஆகணும்னு அவங்க கேட்கல. எடுத்துப் பேசியாகணும்னுதான் கேட்கிறாங்க. அவ்ளோதான். அந்த அவ்ளோதானுக்கே இன்னும் இடம் கிடைக்கல. 2024 செப்டம்பர்ல நியூயார்க்ல எதிர்காலத்துக்கான உச்சி மாநாடுன்னு பெருசா நடந்ததே, அங்க ஏத்துக்கிட்ட ஒப்பந்தத்துலயும் இந்த யோசனை வரல.

ரெண்டாவது வழி: குலுக்கல்

கையெழுத்து வழியில ஒரு பிரச்சினை இருக்கு. நெட் இருக்கிறவங்க, நேரம் இருக்கிறவங்க, ஏற்கனவே அரசியல் ஆர்வம் இருக்கிறவங்க மட்டும்தான் அதுல வருவாங்க. என்னை மாதிரி ஆளுங்க. நைஜீரியாவுல ஒரு கிராமத்துல காய்கறி விக்கிற அம்மா எப்படி வருவாங்க?

அதுக்கான ஒரு முயற்சி 2021-ல நடந்தது. கிளாஸ்கோ காலநிலை மாநாட்டை ஒட்டி, 'குளோபல் அசெம்பிளி'ங்கிற பேர்ல உலகக் குடிமக்கள் அவை ஒண்ணு கூட்டினாங்க. 100 பேர். ஆள் எடுத்த விதம்தான் சுவாரசியம்.

உலக வரைபடத்துல கம்ப்யூட்டர் வெச்சு 100 புள்ளிகளைக் குலுக்கல்ல எடுத்தாங்க. ஜனம் அதிகமா இருக்கிற இடத்துல புள்ளி விழ வாய்ப்பு அதிகம். அதனால இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நிறைய இடம் வந்தது. புள்ளி எங்க விழுந்ததோ, அதுக்குப் பக்கத்துல வேலை செய்யற ஒரு உள்ளூர் அமைப்பைக் கண்டுபிடிச்சாங்க. அவங்க தெருவுல, வீட்டு வாசல்ல போய், "இப்படி ஒண்ணு நடக்குது, வர்றீங்களா?"ன்னு சாதாரண ஆளுங்ககிட்ட கேட்டு, ஒரு சில பேரைச் சேர்த்தாங்க. மொத்தம் 675 பேர். அதுலேர்ந்து இன்னொரு குலுக்கல். வயசு, ஆண் பெண், படிப்பு, நாடு, காலநிலை பத்தின கருத்து, இதெல்லாம் உலக விகிதத்துக்கு ஒத்துப் போற மாதிரி 100 பேர். பாதிக்கும் மேல ஒரு நாளைக்குப் பத்து டாலருக்குள்ள சம்பாதிக்கிறவங்க. உலகத்தை அப்படியே சுருக்கினா அதுதான் வரும்.

கூட்டம் ஆன்லைன்ல, 2021 அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், மொத்தம் 68 மணி நேரம். இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கு அந்த உள்ளூர் அமைப்பு ஆள் பக்கத்துல உட்கார்ந்து மொழிபெயர்த்தார். லேப்டாப்பும் நெட்டும் இல்லாத இடத்துல அதையும் ஏற்பாடு பண்ணினாங்க. விஞ்ஞானிகள் வந்து விளக்கினாங்க. கடைசியில ஒரு பிரகடனம் எழுதினாங்க. சுற்றுச்சூழலைப் பெரிய அளவுல நாசம் பண்றதைக் குற்றமாக்கணும், சுத்தமான சூழலை உலக மனித உரிமைப் பிரகடனத்துலயே உரிமையா சேர்க்கணும்னு கேட்டாங்க. அரசுகள் பேசத் தயங்கின விஷயத்தை, எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் சேர்ந்து இருந்த ஒரு அவை பேசிடுச்சு.

இந்தக் குலுக்கல் முறை நமக்குப் புதுசில்ல. ஸ்கூல்ல படிச்சிருப்போமே, உத்திரமேரூர் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை. கணக்கு காட்டாதவங்களும் அவங்க உறவுக்காரங்களும் நிக்கக் கூடாதுன்னு எவ்ளோ தெளிவா எழுதி வெச்சிருக்காங்க! பெருமைப்படலாம். கூடவே, அந்தக் குடத்துல யாரோட ஓலை இருந்ததுன்னும் கேட்கணும். அது ஒரு பிராமணர் ஊர்ச்சபை. நிலம் வெச்சிருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும், பெண்களுக்கு இடமில்லை. குலுக்கல் நேர்மையா நடந்தா மட்டும் போதாது, குடத்துக்குள்ள எல்லாரோட ஓலையும் இருக்கணும். இந்த விஷயத்துல 2021-ல நடந்தது அந்தக் குடத்தை உலக அளவுக்குப் பெருசாக்கின முயற்சி.

ஆனா ஒரு இடத்துல உத்திரமேரூர் இவங்களை மிஞ்சிடுச்சு. அங்க ஓலையில பேர் வந்தவருக்கு அதிகாரம் இருந்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு வேலை இருந்தது. இந்த 100 பேருக்கு? அவங்க அவை நடந்துக்கிட்டிருக்கும்போதே, நவம்பர் 1-ம் தேதி கிளாஸ்கோவுல பிரகடனத்தோட முதல் வடிவத்தை வெளியிட்டாங்க. பாராட்டு கிடைச்சது. ஆனா பேச்சுவார்த்தை மேஜையில அதுக்கு முறைப்படி ஒரு இடம் இல்ல. எந்த நாடும் அதைப் படிச்சுட்டுப் பதில் சொல்லணும்னு விதி இல்ல. 68 மணி நேரம் உட்கார்ந்து பேசினவங்களுக்கும் கடைசியில கிடைச்சது என் இன்பாக்ஸ்ல இருக்கிற அதே "நன்றி".

மூணாவது வழி: 27 மாணவர்கள்

இப்ப பசிபிக் கடலுக்குப் போகலாம். வனுவாட்டுன்னு ஒரு தீவு நாடு. மூணு லட்சம் சொச்சம் மக்கள். தலைநகர் போர்ட் விலாவுல தென் பசிபிக் பல்கலைக்கழகத்தோட சட்டக் கல்லூரி இருக்கு. 2019-ல அங்க சுற்றுச்சூழல் சட்டம் படிச்ச 27 மாணவர்கள் வகுப்புல ஒரு கேள்வி எடுத்தாங்க: நம்ம தீவு மூழ்குது, அதுக்குக் காரணமான நாடுகளைச் சட்டப்படி என்ன பண்ணலாம்?

அவங்க தேர்ந்தெடுத்தது இருக்கிறதுலயே கஷ்டமான வழி. ஹேக் நகரத்துல இருக்கிற சர்வதேச நீதிமன்றம். அங்க தனி மனுஷன் போக முடியாது. என்ஜிஓ போக முடியாது. நாடுகள் வழக்குப் போடலாம், இல்லைன்னா ஐ.நா. பொதுச்சபை மாதிரி அமைப்புகள் சட்ட விளக்கம் கேட்கலாம். பலாவுங்கிற இன்னொரு தீவு நாடு 2011-ல இதே மாதிரி முயற்சி பண்ணி நடக்காம போச்சு. ஒரு நாட்டாலயே முடியாததை மாணவர்கள் என்ன பண்ணிட முடியும்?

அவங்க பசிபிக் நாட்டுத் தலைவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினாங்க. வனுவாட்டு அரசு கேட்டுக்கிட்டது. 2021 செப்டம்பர்ல அந்த அரசே இதை எடுத்துட்டுப் போறதா அறிவிச்சது. அதுக்கப்புறம் நாடு நாடா ஆதரவு சேர்க்கிற வேலை. மாணவர்கள் ஒரு பக்கம், தூதர்கள் ஒரு பக்கம். 2023 மார்ச் முதல் வாரத்துல ஜூடி, கெவின்னு ரெண்டு புயல் சில நாள் இடைவெளியில வனுவாட்டைத் தாக்குச்சு. அந்த மாசமே 29-ம் தேதி ஐ.நா. பொதுச்சபை அந்தத் தீர்மானத்தை ஓட்டெடுப்பு இல்லாமலே ஒருமனதா ஏத்துக்கிட்டது. 130-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை முன்மொழிஞ்சவங்க பட்டியல்ல இருந்தாங்க.

2024 டிசம்பர்ல ஹேக்ல விசாரணை. 96 நாடுகள் வந்து வாதாடினாங்க. அந்த நீதிமன்ற வரலாற்றுலயே பெரிய விசாரணை. அந்த 27 மாணவர்கள்ல ஒருத்தரான, சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹௌனியுஹி நீதிபதிகள் முன்னாடி நின்னு பேசினாங்க. கிளாஸ் ரூம்ல ஆரம்பிச்சு அங்க வந்து சேர அஞ்சு வருஷம்.

2025 ஜூலை 23. 15 நீதிபதிகளும் ஒருமனதா கருத்து சொன்னாங்க. காலநிலையைப் பாதுகாக்கிறது நாடுகளோட விருப்பம் இல்ல, சட்டக் கடமை. தன் நாட்டுல இருக்கிற தனியார் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தறதும் அந்தக் கடமையில சேரும். நிலக்கரி, எண்ணெய்க்கு அனுமதியும் மானியமும் கொடுக்கிறதுகூட சட்டமீறலா ஆகலாம். மீறினா பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டி வரலாம்.

இது ஆலோசனைக் கருத்துதான். போலீஸ் அனுப்பி யாரையும் பிடிக்க முடியாது. ஆனா இருக்கிற சட்டம் என்னன்னு உலகத்தோட உச்ச நீதிமன்றம் மாதிரியான ஒரு இடம் விளக்கிடுச்சு. இனிமே எந்த நாட்டுக் கோர்ட்டுலயும் ஒரு வக்கீல் இதை எடுத்துக் காட்டலாம்.

ஏன் இது மட்டும் நகர்ந்தது?

27 பேர். 100 பேர். 16 லட்சம் பேர். எண்ணிக்கையை வெச்சுப் பார்த்தா ஒண்ணும் புரியாது. எனக்குப் புரிஞ்சது இதுதான். அந்த மாணவர்கள் பதில் கிடைக்கிற வாசலைத் தேடிக் கண்டுபிடிச்சாங்க. பொதுச்சபை கேட்ட சட்ட விளக்கத்தை அந்த நீதிமன்றம் இதுவரைக்கும் தட்டிக்கழிச்சதில்ல. கேள்வி உள்ளே போயிடுச்சுன்னா, நாடுகளும் சும்மா இருக்கிறது கஷ்டம். எழுந்து நின்னு தன் நிலைப்பாட்டை எல்லார் முன்னாடியும் சொல்ல ஒரு வாய்ப்பு வருது.

இந்தியாவும் போய்ப் பேசுச்சு. வரலாற்றுல அதிகமாப் புகை விட்டது வளர்ந்த நாடுகள், பொறுப்பும் அவங்களுக்குத்தான் அதிகம், இப்ப இருக்கிற ஒப்பந்தங்களைத் தாண்டிப் புதுக் கடமை எதையும் நீதிமன்றம் சேர்க்க வேண்டாம்னு வாதாடுச்சு. இது சரியா தப்பான்னு நாம தனியா ஒரு எபிசோட் பேசலாம். ஆனா 140 கோடி பேர் சார்பா பேசினது நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த எபிசோடுக்காகப் படிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மாணவர்கள் கேள்வி கேட்டதாலதான், என் அரசு என் பேர்ல என்ன சொல்லுதுன்னே எனக்குத் தெரிய வந்தது.

இதுல ஒரு அதிர்ஷ்டமும் இருக்கு, மறைக்கக் கூடாது. வனுவாட்டு சின்ன நாடு, அரசுக்கும் இதே கவலை இருந்தது. மாணவர்கள் எழுதின கடிதம் மந்திரி மேஜைக்குப் போச்சு. நம்ம ஊர்ல 27 சட்ட மாணவர்கள் இதே கடிதத்தை எழுதினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. நல்ல அரசு கிடைச்சாத்தான் குரல் போகும்னா, அரசு ஒத்துக்காத விஷயத்துல குரலே கிடையாதுன்னு ஆகுது. அதுக்காகத்தான் கையெழுத்து வழியும் குலுக்கல் வழியும் விதியா மாறணும்னு கேட்கிறாங்க.

நியாயமான சந்தேகங்கள் இருக்கு. பணம் இருக்கிற அமைப்புகள் கையெழுத்து வேட்டை நடத்தி நிகழ்ச்சி நிரலைப் பிடிச்சுக்க மாட்டாங்களா? சில நாடுகள்ல மக்கள் பயமில்லாம கையெழுத்து போட முடியுமா? உண்மைதான். ஐரோப்பாவுல ஏழு நாடுகள்லேர்ந்து வரணும்னு விதி வெச்சதே, ஒரு நாடு மட்டும் ஆதிக்கம் பண்ணிடக் கூடாதுன்னுதான். உலக அளவுல இன்னும் கவனமா விதி எழுதணும். ஆனா "ஏமாத்துவாங்க"ங்கிற பயத்துல தேர்தலே வேண்டாம்னு நாம சொல்றதில்லையே? விதியைச் சரி பண்ணுங்கன்னுதானே சொல்றோம்.

24-வது கையெழுத்து

முடிக்கிறேன். இனிமே மனுவுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்கலாம்னு இருக்கேன். இது யார் மேஜைக்குப் போகுது? அவங்க பதில் சொல்லியாகணும்னு ஏதாவது விதி இருக்கா? பதில் திருப்தியா இல்லைன்னா அடுத்து எங்க போறது? மூணுக்கும் பதில் இல்லைன்னா அது மனு இல்ல, மனசாட்சிக்கு ஒரு தட்டிக்கொடுப்பு. அது தப்பில்ல. ஆனா குரல்னு அதை நம்பி ஏமாற வேண்டாம்.

தடுப்பூசிக்காக நாம ஆப்பை ரெஃப்ரெஷ் பண்ணின அந்த மாசம், ஜெனீவாவுல இருந்தவங்களை "ஏன் தாமதம், எழுத்துல சொல்லுங்க"ன்னு கேட்க ஒரு விதி இருந்திருந்தா? முடிவு மாறியிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா யார் தடுத்தாங்க, என்ன காரணம் சொன்னாங்கன்னு அவங்கவங்க நாட்டு மக்களுக்கே தெரிஞ்சிருக்கும். அடுத்த தேர்தல்ல கேட்டிருப்பாங்க.

இந்த எபிசோடை எழுதி முடிச்ச ராத்திரி நான் ஒரு கையெழுத்து போட்டேன். ஐ.நா. உலகக் குடிமக்கள் முன்முயற்சிக்கு ஆதரவா. அது என் 24-வது. நான் சொன்ன மூணு கேள்விலயும் அது ஃபெயில். அதுக்குப் பதில் சொல்லணும்னு இன்னைக்கு யாருக்கும் கடமை இல்ல. அந்தக் கடமையை உருவாக்கச் சொல்லிக் கேட்கிற கையெழுத்துங்கிறதால அதை மட்டும் விதிவிலக்கா வெச்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில மெயில் வந்தது. "உங்கள் கையெழுத்துக்கு நன்றி"ன்னு. இந்தத் தடவை அழிக்கல, வெச்சிருக்கேன்.

உங்க இன்பாக்ஸ்லயும் ஒரு தடவை தேடிப் பாருங்க. எத்தனை இருந்தது, ஒண்ணுக்காவது பதில் வந்ததான்னு எனக்கு எழுதுங்க. பதில் வந்த கதை இருந்தா அதை வெச்சே ஒரு எபிசோட் பண்ணலாம். நான் உங்க எல்லாருக்கும் பதில் போடுவேன், 30 நாளுக்குள்ள. அடுத்த வாரம் பார்க்கலாம். வணக்கம்.